சிவப்புப் பொட்டு வைத்த தட்டுகள்

சந்தீப் போன் செய்தபோது என் மடியில் ஒரு செவ்வரளியும் ஒரு நந்தியாவட்டையும் இருந்தன. தாராவியில் எங்கள் தெரு அம்மன் கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "மாவ்ஷி, மேடம் நஹீ ரஹீ" என்றான். சித்தி, மேடம் போய்விட்டார் என்கிறான்.   

விசாலம் மேடத்தோடு வேலை பார்த்த பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாரும் இந்த நினைவு மலரில் எழுதுகிறார்கள். நான் ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவிய இசக்கியம்மாள். மேடத்திடம் பி.எச்டி. செய்த சந்தீப்தான், நீயும் எழுதியே ஆக வேண்டும் என்று நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. யாராவது படித்துச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் மேடம், இந்தத் தட்டுல ஜெல்லி மாதிரி ஊத்தி வச்சு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு அப்படி என்னத்தத்தான் தேடுதிய?"

மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். வேறு யாராக இருந்தாலும், உனக்குப் புரியாது போ என்றிருப்பார்கள். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ரத்த அணு எப்படி வளர்றதுன்னு தேடறேன். அதுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. வெளியில இருந்து ஒருத்தன் வந்து வாசல்ல பெல் அடிக்கணும். உள்ள ஒருத்தன் எழுந்து அடுத்தவன எழுப்பணும். சேதி கடைசி ரூம் வரைக்கும் போனாத்தான் அது வளரும்."

"இம்புட்டுத்தானா? எங்க தெருக் குழாயில தண்ணி வந்தாலும் அப்படித்தான். மொத வீட்டுக்காரி ஒரு சத்தம் போடுவா, கடைசி வீடு வரைக்கும் கொடம் ஓடியாரும்."

மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதேதாண்டி! யார் முதல்ல கத்தறா, யார் கேட்டும் சும்மா படுத்துண்டிருக்கா, அதைக் கண்டுபிடிக்கத்தான் என் ஆயுசு போயிண்டிருக்கு." பிறகு வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் குழாய்க் கதையைச் சொல்லி, "இது இசக்கி சொன்னது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

பெல் அடிக்கிற அந்தச் சத்துக்கு வளர்ச்சிக் காரணி என்று பேர். புதிதாக ஒன்றை மேடம் பிரித்தெடுத்திருந்தார். பாதித் தட்டுகளில் அதைக் கலந்து, மூடியில் சிவப்புப் பொட்டு வைப்பார்கள். மீதித் தட்டுகளில் அது கிடையாது. எல்லாவற்றையும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, சில நாள் கழித்து எதில் அணுக்கள் கூட்டம் கூட்டமாய்ப் பெருகியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பார்கள். எனக்குக் கை நடுங்காது என்பதால் தட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்குகிற வேலை என்னுடையது. ஒவ்வொரு தடவையும் முருகா என்று சொல்லித்தான் கதவைச் சாத்துவேன்.

மாதக்கணக்கில் சிவப்புப் பொட்டுத் தட்டுகளே அள்ளிக் குவித்தன. மேடம் கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். சந்தீப் குர்லாவிலிருந்து பேடா வாங்கி வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சும்மா வெளைஞ்சிருமா மேடம்? செவப்புப் பொட்டுத் தட்டையெல்லாம் நான்லா உள்ள தள்ளி, ஈரத்துக்கு வச்ச தண்ணித் தட்டுக்கு நேர் மேல வச்சுப் பாத்துக்கிட்டேன். மத்ததத்தான் கதவோரம் வச்சேன்."

மேடத்தின் வாய்க்குப் போன பேடா அப்படியே நின்றது. "எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தேதான் மேடம்."

நல்லதைச் சாமிக்கு முன்னால் வைக்கிற பழக்கம் எனக்கு. மேடத்தின் தட்டுக்கு நல்ல இடம் கொடுத்தேன், அவ்வளவுதான். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்துத் தட்டு குளிர்ந்துபோகும், காய்ந்துபோகும் என்று எனக்கு என்ன தெரியும்? இனி, உள்ளே இருந்தவை பெருகியது அந்தச் சத்தாலா, நான் கொடுத்த இடத்தாலா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. கட்டுரைதான் போய்விட்டதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சந்தீப் ஹிந்தியில் முனகினான். மேடம் அவனைப் பார்த்து, "முஜே பதா சல் கயா நா" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டதே என்று அர்த்தம். அன்று மத்தியானமே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிப் போட்டுவிட்டார்.

நான் அழுதுகொண்டே போய் நின்றேன். "என்ன வேலைய விட்டு நிப்பாட்டிருங்க மேடம்."

"போடி அசடு. நீ சொன்னியோ, பொழைச்சேன். எதை எங்க வைக்கணும்னு சொல்லாம உன் கையில குடுத்தது என் தப்பு. இனிமே எது எந்தத் தட்டுன்னு உனக்கும் தெரியப்படாது, எனக்கும் தெரியப்படாது."

"அப்போ பூக்கட்டிப் பாக்கணும்னு சொல்லுங்க."

"அதென்னடி?"

சொன்னேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒன்றுபோலக் கட்டி, குலுக்கிச் சாமி முன்னால் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை.

மேடம் கைதட்டினார். "எடுக்கறவாளுக்கும் தெரியாது, கேக்கறவாளுக்கும் தெரியாது. பேஷ்! இவ்வளவு தெரிஞ்சவளாடி என் தட்டை உள்ள தள்ளினே?"

"அது சாமி காரியம். இது உங்க மேல உள்ள பிரியத்துலலா செஞ்சேன்."

"பிரியம்தாண்டி கெடுக்கறது. பிடிக்காத விஷயம்னா எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருப்பா."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். சிவப்புப் பொட்டு போயிற்று, வெறும் எண்தான். எந்த எண் எந்த இடத்துக்கு என்று நான் கண்ணை மூடிச் சீட்டு எடுப்பேன். எண்ணின் ரகசியம் ஒட்டின கவரில் இருக்கும். சந்தீப்புக்குப் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பல நாள் என்னோடு "மாவ்ஷி, சாய்" என்று டீ கேட்பதற்கு மேல் அவன் பேசவில்லை. ஆனாலும் மேடம் விடவில்லை. "ஒரு தடவை பாத்தது பாத்ததே இல்லை. மூணு தடவை பாரு" என்பார். மூன்றாவது கவரைப் பிரித்த அன்று என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பழைய வித்தியாசம் சுருங்கிப்போயிருந்தது. ஆனால் இருந்தது.

"கொறைஞ்சுடுத்து. ஆனா நிக்கறது பாரு இசக்கி. இனி எவன் வந்து தள்ளினாலும் விழாது."

விழவில்லை. அதன் மேல் எத்தனையோ பேர் கட்டினார்கள் என்று இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள்.

ஓய்வு பெற்று மேடம் செம்பூரில் இருந்தார். போன வருடம் புற்றுநோய் வந்தது. வைத்தியத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிப்போக, அவற்றை ஏற்ற ஊசி போட்டார்கள். அதுவும் ஒரு வளர்ச்சிக் காரணிதானாம். "பெல் அடிக்கறவன் ஊசியில வந்திருக்கான். உள்ள யாராவது முழிச்சுண்டிருக்காளான்னு பாப்போம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடம் பிழைப்பாரா என்று அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்பு வந்தது. மறைக்கத் தெரியாமல் மேடத்திடமே போய் அழுதேன்.

"எத்தனை தடவை பாத்தே?"

"ஒரு தடவ."

"ஒரு தடவை பாத்தது?"

"பாத்ததே இல்ல."

"பின்ன என்ன அழுகை? போய் மூக்கைத் தொடைச்சுண்டு காபி போடு."

அடுத்த வாரம் வெள்ளை வந்தது. "ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் முடிவு தெரியலைன்னு உன் அம்மன்கிட்ட சொல்லு" என்றார்.

மூன்றாவது தடவைக்குத்தான் அன்று பூவோடு உட்கார்ந்திருந்தேன். மடியில் முதலில் இருந்தவை இரண்டு நந்தியாவட்டைகள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். காகிதத்தைக்கூட மடித்துவிட்டேன். பிரியம்தாண்டி கெடுக்கறது என்று மேடம் சொன்னது காதில் விழுந்தது. ஒன்றைத் தரையில் வைத்துவிட்டுச் செவ்வரளியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் போன் வந்தது.

மடியில் இருந்ததை அம்மன் வாசலில் போட்டேன், எதுவும் கேட்கவில்லை. தரையில் வைத்த நந்தியாவட்டையை எடுத்துக்கொண்டு செம்பூர் பஸ் ஏறினேன். அதை மேடத்தின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கென்று அவர் விட்டுப்போனது, அந்தப் பூவைத் தரையில் வைத்த இந்தக் கை.