சுவரைப் பார்க்க வந்தவர்கள்

லண்டனில் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் எனக்கு வேலை. பழைய வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு "முடியாது" என்று கடிதம் அனுப்புவது. பாதுகாக்கப்பட்ட தெருக்களில் குடியிருப்பவர்கள் யன்னலை மாற்றவோ முன்கதவுக்கு வேறு நிறம் அடிக்கவோ விண்ணப்பம் போடுவார்கள். தீர்மானிப்பது மேலே இருக்கும் அதிகாரி. அதைப் பணிவான ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது நான். "கட்டடத்தின் தன்மையைக் கெடுக்கும்" என்ற வசனம் இப்போது என் விரல்களுக்குப் பாடம். மாலையில் ரெய்னர்ஸ் லேனில் உள்ள என் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் யன்னலைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பேன். வீட்டை வாங்கியபோது அந்த யன்னலில் சூரியன் உதிப்பது போல நிறக் கண்ணாடி பதித்திருந்தது. குளிர் வருகிறதென்று முதல் மாதமே கழற்றி, குப்பை அள்ளும் ஸ்கிப்பில் போட்டோம். எங்கள் தெரு பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. அதை அலுவலகக் கணினியில் பார்த்து உறுதி செய்துகொண்டவளும் நானே.

இப்படிப்பட்ட என்னை என் அண்ணை நிபுணர் என்று நம்பினார்.

அவர் அமெரிக்காவின் நடுமேற்கில், சோளத்துக்கும் சோயாவுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரர் கேட்டால் "சிக்காகோவுக்குக் கிட்ட" என்போம். ஆறு மணி நேரம் கார் ஓட்டினால் கிட்டத்தான். வேறு வேலை இல்லாத ஊரில் அண்ணை அந்த மாவட்டத்தின் சரித்திரத்தைப் பாடமாக்கி, ஞாயிறுதோறும் தொலைபேசியில் எங்களுக்கு ஒப்புவிப்பார். நீதிமன்றம் எரிந்து திரும்பக் கட்டியது, அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தின் நான்கு முகங்களில் ஒன்று மட்டும் சரியான நேரம் காட்டுவது, ஒரே அறையில் நடந்த பள்ளிக்கூடம், மாடுகளுக்கு வட்டமாகக் கட்டிய கொட்டகை. வட்டக் கொட்டகைக்கு மட்டும் மூன்று ஞாயிறு போனது. என் கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பார்.

"எத்தினை வருசப் பழசு?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"நூறுக்கு மேல," என்றார் அண்ணை பெருமையாக.

கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்கட ஊர்க் கோயில் ஆயிரம் வருசம்."

அந்தக் கோயிலை எனக்குத் தெரியும். கருங்கல் தூண்களுக்குக் குளியலறை ஓடு பதித்து, கோபுரத்துக்குப் பச்சையும் ரோசாவும் அடித்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்தில் மிஞ்சியிருப்பது அந்த எண்ணிக்கை மட்டும்தான்.

அண்ணைக்கு அங்கே ஒரு குறை இருந்தது. பதினாறு வருடமாகக் கடை நடத்தியும் ஊரார் அவரைப் "புது மருந்துக்கடைக்காரர்" என்றே சொல்வார்கள். அவருக்குப் பிறகு வந்த பாதிரியாரும் பள்ளி அதிபரும் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். அண்ணை மட்டும் இன்னும் புதுசு. அவருடைய கடை, நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பழைய செங்கல் கட்டடம். முன்பு விதையும் தீவனமும் விற்ற இடம். அதை மாவட்டத்தின் சரித்திரக் கட்டடப் பட்டியலில் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். சேர்த்தால் வாசலில் ஒரு வெண்கலப் பலகை பதிப்பார்கள். கட்டியவரின் பெயரோடு அண்ணையின் பெயரும் அதில் இருக்கும்.

"பலகை வந்திட்டா, பிறகு ஒருத்தரும் என்னைப் புதுசு எண்டு சொல்ல ஏலாது," என்றார். அறுபதை நெருங்கும் மனிதர் பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளை போலப் பேசியது எனக்குப் பாவமாக இருந்தது.

பட்டியலைத் தீர்மானிக்கும் சரித்திரச் சங்கத்திலிருந்து மூன்று பேர் ஒரு சனிக்கிழமை வருவதாக எழுதியிருந்தார்கள். அந்தப் புதன்கிழமை அண்ணை வீடியோவில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். முன்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. பக்கச் சுவரைக் கண்டதும் என் முகம் சுளித்தது. சுவர் முழுக்க உரிந்துபோன பெயின்ற். பாதி அழிந்த பெரிய ஆங்கில எழுத்துகள், ஏதோ விதை, ஏதோ தீவனம், தலையில்லாத ஒரு கோழி.

"அண்ணை, இதையோ அவைக்குக் காட்டப் போறியள்?"

"ஓம். இந்தச் சுவரையும் பாக்க வேணும் எண்டு எழுதியிருக்கினம்."

"பாக்க வருகினம் எண்டா, பாக்கிற மாதிரி இருக்க வேண்டாமோ?"

"பழசு எண்டா அவைக்குப் பிடிக்கும்தானே," என்று இழுத்தார்.

"பழசு வேற, ஊத்தை வேற."

அவர் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். "நீ கவுன்சிலில இதே வேலைதானே செய்யிறாய். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடிதம் எழுதுவது வேலை, அது வெள்ளைக்காரரின் யன்னல். இது சொந்தம். எங்கள் ஆட்களுக்கு நல்ல காரியம் என்றால் முதலில் வீட்டுக்கு வருவது பெயின்ற் வாளிதான். கல்யாணமோ பெண்பிள்ளையின் சாமத்தியவீடோ, வருகிறவர்கள் சுவரைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. நிறத்தையும் நான்தான் சொன்னேன். கிறீம்.

அண்ணை இரண்டு நாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, தானே ஏணியில் ஏறி இரண்டு தடவை அடித்தார். வெள்ளிக்கிழமை படம் வந்தது. நான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஹவுன்ஸ்லோவிலிருந்து சித்தப்பா ஆறு கைதட்டல் அனுப்பினார்.

சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, சுவருக்கு முன்னால் நின்று உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்திருக்கிறார். "மிகவும் சுத்தமாக இருக்கிறது," என்றாராம். அந்த ஊரில் எவரும் எவர் முகத்துக்கு நேரே கெட்டதைச் சொல்வதில்லை. அண்ணி சுட்ட பற்றிஸ் பலகாரத்தில் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு, நன்றி சொல்லிப் போனார்கள். "நல்லாப் பிடிச்சிட்டுது," என்று அண்ணை எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கையால் எழுதிய அந்த விளம்பரச் சுவர் அவர்கள் மாவட்டத்தில் மிஞ்சியிருந்த கடைசிச் சுவர். விண்ணப்பத்தை எடுத்ததே அதற்காகத்தான். இனிச் சேர்க்க முடியாது, வருந்துகிறோம். வசனத்தை அண்ணை வாசிக்க வாசிக்க, அடுத்து வரும் சொல் எனக்கு முன்னமே தெரிந்தது. நான் எழுதும் அதே கடிதம்தான், எழுத்துக்கு எழுத்து.

"கழுவி எடுக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

மறுநாள் எங்கள் அதிகாரியிடம், யாரோ ஒரு விண்ணப்பக்காரர் கேட்டதாகச் சொல்லி விசாரித்தேன். பெயின்ற்றைக் கழற்றினால் அடியிலிருக்கும் எழுத்தும் சேர்ந்து வரும் என்றார். "யார் அந்த முட்டாள்?" என்றும் கேட்டார். தெரியாது என்றேன்.

போன மாதம் மாவட்டத்தின் கட்டடங்களைப் பற்றிச் சங்கம் போட்ட புத்தகம் தபாலில் வந்தது. அண்ணை அனுப்பியிருந்தார். வட்டக் கொட்டகைக்கு நான்கு பக்கம். அடுத்த பக்கத்தில் பழைய சுவரின் படம், தலையுள்ள கோழியோடு. அதன் கீழே அண்ணையின் முழுப் பெயர், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல், "தற்போதைய உரிமையாளரால் தம் சொந்த விருப்பில் பெயின்ற் அடிக்கப்பட்டது" என்று.

அன்றே போன் எடுத்தேன். "சொந்த விருப்பு எண்டு போட்டிருக்கினம், அண்ணை."

"ஓம். ஆர் சொல்லி அடிச்சனீங்கள் எண்டு புத்தகம் எழுதேக்க அந்த ரீச்சர் கேட்டவ. என்ர யோசனைதான் எண்டு சொல்லிட்டன்."

"ஏன்? நான்தான் சொன்னதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"நீ கவுன்சிலில வேலை செய்யிறாய். அவை அங்க எழுதிப் போட்டா உன்ர வேலைக்கெல்லோ பிரச்சினை," என்றார்.

சோளக் காட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் லண்டனுக்கு என்னைப் பற்றிக் கடிதம் எழுதப் போவதில்லை. அது அண்ணைக்கும் தெரியும்.