மூட மறுத்த ரெட்டைக்குழல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் ஊளையிடுகிற ஆள் நான். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன், இரும்புக்குப் புத்தி இருக்கிறது என்று நானே ஒரு நாள் சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. நீங்கள் சிரிப்பை அடக்குவது தெரிகிறது. பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

பெருந்துறைப் பக்கம் என் மாமனுக்கு மக்காச்சோளக் காடு. பன்றியை வெடிச்சத்தம் போட்டு விரட்ட லைசென்ஸ் வாங்கியவர், புதுத் துப்பாக்கியை விட்டுவிட்டு, கோயமுத்தூர்க் கடையில் ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ரெட்டைக்குழலை வாங்கிவந்துவிட்டார்.

"மாமா, இதக் காட்டுனா பன்னி ஓடாதுங்க, பாவம்னு நமக்கே சோளத்தக் குடுத்துப்போட்டுப் போகும்."

"வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு மாப்ள."

ஸ்பிரிங் வேலையெல்லாம் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்கார பாய் செய்து கொடுத்தார். துருத் துடைப்பதும் பிடிக்கட்டைக்கு எண்ணெய் போடுவதும் என் பங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில், மாமன் வீட்டிலேயே. மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க, கரிக்கு அடியிலிருந்து இரண்டு கவுதாரிகள் வெளியே வந்தன, எவனோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு இறகாகச் செதுக்கியிருக்கிறான், என் லேத்தைக் கொண்டுபோய் அவன் காலடியில் வைக்கலாம். எண்ணெய் ஏற ஏற கட்டையின் ரேகைகள் தேன் மாதிரி ஓடின. நடுவில் மடித்துத் திறந்து தோட்டா போடுகிற வகை அது, நிமிர்த்தி மூடினால் 'ளொக்' என்று ஒரு சத்தம், மயிரிழை இடைவெளி கிடையாது. அந்தச் சத்தத்துக்காகவே நாளெல்லாம் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டருக்குப் பக்கத்தில் துப்பாக்கியையும் வைத்து அத்தை பொட்டு வைத்து, பூ வைத்து, அமர்க்களப்படுத்தினார்.

ஒரு வாரம் கழித்து, பத்து மணி வெயிலில், முதல் வேட்டுக்கு மாமன் வரப்பில் நின்றார். இரண்டு தோட்டாவையும் போட்டு மூடினார். மூடவில்லை. ஒரு விரல் இடைவெளியில் நின்றுகொண்டது.

"வயசாயிருச்சுங்களா மாமா?" என்று வாங்கி நான் அழுத்தினேன், நம்பினால் நம்புங்கள், அசையவில்லை. தோட்டாவை எடுத்தால் 'ளொக்'. போட்டால் நிற்கிறது. பாய்க்கு போன் போட்டோம். தோட்டா சரியாக இறங்குகிறதா என்று கேட்டார், இறங்குகிறது என்றேன். "அப்ப மூடோணுமே தம்பி" என்றார்.

மாமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சுத்தியல எடுத்துட்டு வா மாப்ள, ஒரு தட்டுத் தட்டுனா மூடிக்கும்."

என் கவுதாரிகளைச் சுத்தியலால் தட்டுவதா? தடுப்பதற்காகவே தோட்டாக்களை உருவிவிட்டு, குழலைத் துடைக்கிற மாதிரி தூக்கிப் பார்த்தேன். இடது குழலில் வட்டமாக வானம் தெரிந்தது. வலது குழலில் இருட்டு.

குச்சியால் குத்தியதும் வாய்ப்பக்கமிருந்து கல்லாய்க் காய்ந்த சந்தன உருண்டை ஒன்று விழுந்தது, நடுவில் ஒரு செவ்வந்திப்பூ.

"பூசையன்னிக்குப் பூ நிக்கமாட்டீங்குதுன்னு குழல் வாயில சந்தனத்த உருட்டி வெச்சேன் கண்ணு" என்றார் வேட்டுப் பார்க்க வந்திருந்த அத்தை. "அப்பறம் காணோம், உளுந்துருச்சாட்டயிருக்குதுன்னு உட்டுப்போட்டேன்."

மறுபடி போன். பாய், "சுட்டிருந்தா குழல் வெடிச்சு, தாங்கிப் புடிச்ச கை போயிருக்கும்" என்றார். மாமன் வரப்பிலேயே உட்கார்ந்து தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடைப்பு இருந்தது அந்த முனையில், மூடுகிற இடம் இந்த முனையில், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பாய் அடித்துச் சொன்னார். அதே தோட்டாக்களைப் போட்டோம். 'ளொக்'. மாமன் வானத்தைப் பார்த்துச் சுட்டார், காடு அதிர்ந்தது.

என்னால் சும்மா இருக்க முடியுமா? அடுத்த ஞாயிறு அதே மாதிரி சந்தனம் உருட்டி, அதே வலது குழலை அடைத்து, சுட்டுப்போன காலித் தோட்டா வைத்து மூடினேன். தடையே இல்லாமல் மூடிக்கொண்டது. பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் மூடியது.

நிஜத் தோட்டா பக்கத்திலேயே இருந்தது. கையில் எடுத்தேன், வைக்கவில்லை. மூடாவிட்டால், இதற்குப் புத்தி இருக்கிறதே என்று பயம். மூடிவிட்டால், அன்றைக்குக் காப்பாற்றியது யார் என்று அதைவிடப் பயம்.