காப்பார் சேற்றுக்கரைக்குப் பதினெட்டு வருடம் தாமதமாக

காப்பார் கடற்கரையில் பறவை பார்க்க எப்படிப் போவது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வழி சொல்கிறேன். கூடவே 1996 அக்டோபரில் நான் அங்கே போய் வந்த கதையையும் கேட்டுவிடுங்கள். அதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கதை 1978-இல் தொடங்குகிறது. அப்போது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த அரசாங்கக் கிளார்க். காப்பாரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் முனியாண்டி அண்ணன் பழக்கமானார். எஸ்டேட்டில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சேற்றில் நண்டு வலை போடுவார். அந்த வாரம் அவர் வலையில் ஒரு உள்ளான் சிக்கிச் செத்துப் போயிருந்தது. குருவியை விடச் சற்றுப் பெரிய பறவை. அதன் காலில் ஓர் உலோக வளையம், அதில் ஓர் எண், சுருக்கமாக ஒரு மாஸ்கோ முகவரி.

“தம்பி, நீங்க இங்கிலீஷ் படிச்சவரு. ஒரு லெட்டர் போட்டுக் கேளுங்களேன். வருசா வருசம் வருது, எந்த ஊருன்னே தெரியல” என்று வளையத்தை என் கையில் கொடுத்தார்.

நான் எழுதவில்லை. கம்யூனிஸ்ட் என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொன்ன காலம் அது. ரஷ்யாவுக்குக் கடிதம் போட்டால் போலீஸ் வரும், வேலை போய்விடும் என்று நானாகவே பயந்து கொண்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. வளையம் பொத்தான் டப்பாவுக்குள் போனது. அடுத்த வருடம் அண்ணன் கேட்டபோது “பதில் வரலண்ணே” என்றேன். மூன்று வருடம் அதே பொய். பிறகு அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, காப்பார் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தைரியம் வந்தது. அதற்குள் ரஷ்யாவே மாறியிருந்தது. எழுதினேன்; ஏழு மாதம் கழித்து இரண்டு பக்கம் பதில் வந்தது. அந்தப் பறவை சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரம் 1976 கோடையில் பொரிந்த குஞ்சாம். வளையம் மாட்டியவரே எழுதியிருந்தார். கோடையிலும் கரையோரம் நின்ற பனிக்கட்டி இப்போது வெகுதூரம் விலகிவிடுகிறதாம். தரைப்பனி முன்பை விடச் சீக்கிரம் உருகுவதால் பூச்சிகள் முந்திக்கொண்டு வந்து போய்விடுகின்றன. குஞ்சுகளுக்கு இரை கிடைப்பதில்லை. அவர் கூடுகள் பார்த்த இடத்தில் உறைந்திருந்த நிலம் இளகிப் பள்ளமாகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி: “எழுபதுகளில் உங்கள் கரைக்கு எவ்வளவு பறவைகள் வந்தன? பார்த்தவர் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்.”

யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு காலை 8.10-க்குக் கோலாலம்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கிள்ளானில் இறங்கும்போது 9.20. பசியாறிவிட்டுப் பஸ் பிடித்தேன். காப்பாருக்குப் பதினைந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம், ஒரு வெள்ளி இருபது காசு. அங்கிருந்து கடற்கரைக்கு டாக்சி, ஆறு வெள்ளி. “அங்க என்னா இருக்கு அங்கிள்? வெறும் சேறு லா” என்று டிரைவர் சிரித்தார்.

கரைக்குப் பக்கத்திலேயே இருந்த முனியாண்டி அண்ணன் வீட்டுச் சுவரில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இறந்து நாலு வருடம். அவர் மனைவி லெட்சுமி அக்காவிடம் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். உண்மையையும் சொன்னேன்.

“எழுதவே இல்லியா?”

“இல்லக்கா. பயம்.”

“சொல்லியிருந்தா ஸ்கூல் வாத்தியார விட்டு எழுதியிருப்பாரே தம்பி. ஒவ்வொரு வருசமும் பறவை வந்ததும் உங்க பேச்சுதான்.”

கடிதத்தை மறுபடி விரித்து, அதன் கடைசியில் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

“வலை கட்டுற கம்ப வச்சுக் கணக்கு சொல்லுவாரு. இந்த வருசம் ஏழு கம்பு தூரத்துக்கு ஒக்காந்திருக்கு, எட்டு கம்புன்னு. எந்த வருசம் எவ்வளவுன்னு அவரத்தான் கேக்கணும்.”

கடல் ஏறும் நேரம் இருவரும் கரைக்குப் போனோம். பழைய கம்புகளில் மூன்றுதான் மிச்சம். பறவைகள் வந்து இறங்கின. இரண்டு கம்புக்கு நடுவில் இருந்த இடம்கூட நிறையவில்லை.

போகிறவர்கள் அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் போங்கள். கடல் முழுதாக ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருந்தால்தான் பறவைகள் கிட்டே வரும். தொப்பி, தண்ணீர், பழைய செருப்பு வேண்டும். திரும்ப டாக்சி கிடைக்காது, போகும்போதே பேசி வையுங்கள். காலில் வளையமுள்ள பறவை கிடைத்தால் அன்றைக்கே எழுதுங்கள். கரையில் வலை போடுபவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், சொல்வதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

நான் அன்று மாலையே ரஷ்யாவுக்குப் பதில் எழுதினேன். எழுத மூன்று வரிதான் வந்தது: “பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவர் உங்களிடம் கேட்கச் சொன்னதை அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை.”