மார்கழியும் என் டீசல் வண்டியும்

வாடகைக் கார் வைத்திருப்பவனுக்கு அதை ஓட்டுவது பாதி வேலைதான். மார்கழிக் காலையில் அதை எழுப்புவது மீதிப் பாதி.

கனடாவில் பல வருஷம் இருந்துவிட்டு அரியலூருக்குத் திரும்பியவன் நான். அங்கே மைனஸ் முப்பதில் வண்டி கிளப்பியிருக்கிறேன். இங்கே ஸ்வெட்டர் போட்டால் வியர்க்கிற குளிர். ஆனாலும் என் பழைய டீசல் காருக்கு அதுவே போதும், படுத்துக்கொள்ளும். பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நிபந்தனை

செந்துறைப் பக்கம் வேலை பார்க்கும் மூன்று டீச்சர்கள் சேர்ந்து என் வண்டியை மாத வாடகைக்குப் பேசினார்கள். எனக்கு நிலையான வருமானம் என்றால் அந்த ஒன்றுதான். முன்பு ஓட்டியவரின் வண்டி குளிர்காலத்தில் காலை வாரியிருக்கிறது. மூவரில் மூத்தவரான ஸ்டெல்லா டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்:

"டிசம்பர்ல ஒரு நாள் லேட்டானாலும், அடுத்த மாசம் நாங்க பஸ்ஸுக்குப் போயிடுவோம் சார். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

விளக்கு அணையும் வரை

டீசல் வண்டியில் சாவியைப் பாதி திருப்பினால் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணைந்த பிறகுதான் முழுக்கத் திருப்ப வேண்டும். என் வண்டியில் அது நிதானமாகத்தான் அணையும். நானும் ஸ்டியரிங்கில் கை வைத்து, கண்ணை மூடிக் காத்திருப்பேன். எதிர்வீட்டு முருகேசன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். பல் விளக்கிக்கொண்டே பல நாள் இதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் கண்ணாடியைத் தட்டினார்:

"என்ன சார், சாமி கும்பிட்டாச்சா? இல்ல இன்னும் மந்திரம் பாக்கி இருக்கா?"

பஜனை கோஷ்டி

மந்திரமும் பலிக்காத நாட்கள் உண்டு. அப்போது கைகொடுத்தது எங்கள் தெருவைச் சுற்றி வரும் பஜனை கோஷ்டி. மிருதங்கத்தை என் பின்சீட்டில் வைத்துவிட்டு, பாட்டை நிறுத்தாமல் தள்ளுவார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நான் கிளட்சை விடுவேன். வண்டி இருமிக்கொண்டு கிளம்பிவிடும். கோவிந்தா சத்தம் எனக்கா பெருமாளுக்கா என்று நான் ஆராய்ந்ததில்லை. நாலாவது முறை தள்ளியபோது தாளம் போடும் பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நாளையிலேர்ந்து வண்டிய கோயில் வாசல்லயே நிப்பாட்டிடுங்க தம்பி. வந்ததுக்குப் பொங்கலாவது சூடா கெடைக்கும்."

குடில் நட்சத்திரம்

அரையாண்டுத் தேர்வின் முதல் நாள். தேர்வு அறைகளின் சாவி ஸ்டெல்லா டீச்சர் கையில். என் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்ததால், முந்தின சாயங்காலமே வண்டியை டீச்சர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் விட்டு, வண்டிச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். காலையில் போய்த் திருப்பினால் மஞ்சள் விளக்குகூட எரியவில்லை. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மாத வாடகை பஸ் ஏறிப் போவது எனக்குத் தெரிந்தது.

பானெட்டைத் திறந்தேன். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, முல்லைக்கொடி வழியாக ஏறி, வாசலில் போட்டிருந்த கிறிஸ்துமஸ் குடிலின் நட்சத்திரத்தில் முடிந்தது. ராத்திரி கரண்ட் இல்லையாம். பாலன் பிறக்கும் இடம் இருட்டாக இருக்கக் கூடாது என்று டீச்சரின் வீட்டுக்காரர் செய்த ஏற்பாடு. மனுஷன் லுங்கியோடு நின்று நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். மற்ற இரண்டு டீச்சர்களும் வந்து சேர, வீட்டுக்காரரையும் சேர்த்து நாலு பேருமாகத் தள்ளினார்கள். தெருமுனை திரும்பும்போது வண்டி உயிர் பிடித்தது. மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்கூட கேட்டில் நின்றோம். இறங்கும்போது நான் மெதுவாக, "அடுத்த மாசம்…" என்றேன். டீச்சர் புடவையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"நீங்க வாங்க சார். பஸ்ஸுல அனுப்ப வேண்டிய ஆளு வீட்டுல இருக்காரு."

இப்போது வண்டிக்குப் புது பேட்டரி, புது ஹீட்டர் பிளக் எல்லாம் போட்டாயிற்று. தொட்டதும் கிளம்புகிறது, காலையில் என்னோடு பேசத்தான் தெருவில் ஒருத்தரும் இல்லை.