பத்தே முக்காலுக்கு மாற்றிய தேர்வு

நைனா இறந்து பதினோரு நாள் ஆகிறது. என் அப்பா; பெயர் பரசுராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு குழாய்த் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுதுவதுதான் வேலை. நாலு நிமிடம் தாமதமானாலும் அரை நாள் சம்பளம் வெட்டு. அங்கே ஒப்பந்தத் தொழிலாளராக இருந்த கன்னியம்மாவுக்கு ஒருமுறை அப்படி வெட்டினார். அவர் ஒரு மாதம் நைனாவோடு பேசவில்லை.

நான் எழுத நினைப்பது போன நவம்பரில் ஒரு காலையைப் பற்றி.

ஒப்பந்தத் தொழிலாளர் இருபத்து நாலு பேருக்கு அன்று ஆன்லைன் தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம். வருடத்தில் ஒரே வாய்ப்பு. தேர்வு பத்து மணிக்குத் திறக்கும். மேற்பார்வை நைனாவுக்கு. அந்த மென்பொருளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

9.47. கிண்டியில் பேருந்தில் நின்றிருந்தேன். போன் அடித்தது.

“சுந்தரி, மழையில ரயிலு கவரப்பேட்டைக்கு முன்னாடியே நின்னுகினு கீது. பதினாலு பேரு உள்ள மாட்டிக்கினாங்க. பரீட்சை டைமை மாத்தணும். மேனேஜர் சரின்னுட்டாரு.”

“நைனா, நீயா சொல்ற?”

“வண்டி நின்னா அவுங்க இன்னா பண்ணுவாங்க? சீக்கிரம் சொல்லும்மா!”

பத்துக்குள் மாற்றியாக வேண்டும். ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் ஒருவர் தேர்வைத் திறந்தாலும் செட்டிங்ஸ் பூட்டிக்கொள்ளும்; பிறகு நேரத்தை மாற்ற முடியாது. அந்தப் பூட்டை வைத்தவளே நான்தான்.

நைனா ஒற்றை விரலால் தட்டுகிறவர். பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பியது.

“மெதுவா, நைனா.”

“மெதுவாவா? மணி ஒம்போது அம்பத்தி மூணு!”

மூன்றாம் முறை உள்ளே போய்விட்டார். “செட்டிங்ஸ்! வலது பக்கம், மேலே!” என்று பேருந்தே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். “ஆரம்பிக்கிற நேரம் பத்தே முக்கால். போட்டியா? சேவ் குடு.”

“இரு, இரு. முடியற டைம் பதினொண்ணுன்னே கீதே.”

ஒரு மணி நேரத் தேர்வு. பதினொன்றுக்கு மூடிக்கொண்டால் எல்லாருக்கும் பதினைந்தே நிமிடம். மென்பொருளை எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

“உள்ள வர்ற டைம் மாறுனா வெளிய போற டைமும் மாறணும். இத்தினி வருசம் வேற இன்னாத்த எழுதுனேன்?”

பதினொன்றே முக்கால் என்று போட்டார். சேவ். மணி 9.58.

10.35க்கு மறுபடி கூப்பிட்டேன். நைனா போனை எடுத்தபோது பின்னால் கன்னியம்மாவின் குரல், மூச்சிரைக்க: “இன்னாண்ணே, இன்னிக்கும் அரை நாளா?”

“போ, போய் ஈரத்தத் தொடச்சிகினு உக்காரு!”

போனை வைக்கவில்லை. பத்தே முக்கால். “அறுவது நிமிசம் காட்டுதும்மா! எல்லாருக்கும் அறுவது!” நைனா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

பத்தொன்பது பேர் தேறினார்கள். கன்னியம்மாவும்.

நைனாவை எடுத்த அன்று கன்னியம்மா கம்பெனிச் சீருடையிலேயே வந்தார். “நாலு நிமிசத்துக்கு அரை நாள் வெட்டுன மனுசன்மா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று எழுந்தார்.

“ஷிப்டுக்கு நேரமாவுது. இன்னிக்குப் போயி லேட்டா போவ முடியாது.”