அரக்குச் சட்டை

அந்தப் படத்தில் நான் ஏழு நிமிடம் வருகிறேன். நடித்தது நானில்லை. ஒன்பது வயதில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று அவர்களாக நினைத்துக்கொண்டு ஒரு சிறுமியைப் போட்டிருக்கிறார்கள். இரட்டைப் பின்னல், பெரிய கண்கள், தலை நிறைய மல்லிகை. எனக்கு அப்போது பேன் தொல்லை தாங்காமல் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மற்றபடி அந்தப் பெண் நன்றாகத்தான் நடிக்கிறாள்.

படம் எங்கள் ஊரில் நடந்த கொலையைப் பற்றியது. முப்பது வருடங்களுக்கு முன்பு, அடுத்த தெருவில் தனியாக இருந்த தையல்காரம்மாவை ஒரு மாலையில் யாரோ அவர் வீட்டிலேயே கொன்றுவிட்டுப் போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. படத்தில் தெரிந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களை, தெரியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப முடியுமா? பழைய செய்தித்தாள்களைத் தேடிப் படித்திருக்கிறார்கள். பெயர்களை மாற்றிவிட்டார்கள், தையல்காரம்மாவைப் பாட்டு டீச்சர் ஆக்கிவிட்டார்கள். கொலைகாரனின் சட்டை நிறத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அரக்கு. அந்த நிறத்தைப் போலீஸிடம் சொன்னவள் நான். சொன்னது பொய்.

அன்று மார்கழி மாதம், மாலை ஆறரை மணி இருக்கும். கரண்ட் போயிருந்தது. பால் வாங்கிக்கொண்டு வந்தேன். தையல்காரம்மா வீட்டு வாசலிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் ஏறி எனக்கு முன்னால் வேகமாகப் போனான். முதுகைத்தான் பார்த்தேன். என் சாட்சியம் மொத்தமும் இவ்வளவுதான்.

மறுநாள் அப்பா என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அப்பாவுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலை. எங்கள் வீட்டில் ஒரு நிறத்தைக் காட்டித் தெரியாது என்று சொன்னால் பரீட்சையில் பெயிலானதைவிட மோசம். நூல் கற்றை ஒன்றை, சிட்டம் என்போம், தூக்கிக் காட்டுவார். பச்சை என்றால் போதாது. கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசிப்பச்சையா என்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் முன்னால் நான் அதைச் சொல்லிக் காட்டும்போது அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும்.

"சட்டை என்ன கலர் பாப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா பக்கத்தில் நிற்கும்போது தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குனிந்தேன். அப்பாவின் கைகள் என் கண்ணுக்கு நேராக இருந்தன. முந்தின நாள் முழுக்க அரக்கு போட்டிருந்தார், மணிக்கட்டுவரை ஏறியிருந்தது.

"அரக்கு" என்றேன்.

"சிவப்பா?"

"செவப்பு இல்ல சார். அரக்கு."

அப்படித் திருத்தியதுதான் வினையாகப் போயிற்று. பக்கத்திலிருந்த ஏட்டு, "சாயக்காரர் பொண்ணு சார், கலரத் தப்பா சொல்லுமா?" என்று சிரித்தார். எழுதிக்கொண்டார்கள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு நிறம் பார்க்க மாட்டேன் என்பவர் அவர். மாலையில் யாராவது சிட்டத்தைக் கொண்டுவந்து ஒப்பிடச் சொன்னால், "காலைல வாங்க, இப்ப எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "கரண்ட் இல்லாம, ஆறரை மணிக்கு, அரக்கு தெரிஞ்சுதாமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதுபா" என்றேன், கேரியரில் உட்கார்ந்தபடி.

அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெண்ணைப் பற்றிய பெருமையா, போலீஸ் பயமா, எனக்கு இன்னும் புரியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. என் மேல் வரவேண்டிய கோபத்தில் பாதியை அவர் தலையில் கட்டிவிட்டேன் என்பதும் தெரியும்.

இரண்டு தெரு தள்ளி சைக்கிள் கடை வைத்திருந்தவரிடம் ஓர் அரக்குச் சட்டை இருந்தது. தீபாவளிக்கு எடுத்தது. தையல்காரம்மாவின் சைக்கிளை அவர்தான் பழுது பார்ப்பார். பிடித்துக்கொண்டு போனார்கள். பத்து நாள் வைத்திருந்துவிட்டு ஆதாரம் இல்லை என்று விட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு இடது கை தோளுக்கு மேல் எழாது. அவர் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டேதான் நான் படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். வண்டி பஞ்சரானால் வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அவருக்காக நான் பட்ட சிரமம் அது ஒன்றுதான்.

இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை செய்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு வீடியோ காலில் புடவையைப் பிரித்துக் காட்டி, "மேடம், போன்ல செங்கல் மாதிரி தெரியும், நேர்ல மாந்துளிர்" என்று நிறம் சொல்வது என் பொறுப்பு. அதில் நான் கெட்டிக்காரி. படம் வந்த வாரம் கடையே திரண்டு போனது, நானும் போனேன். திரையில் அந்தச் சிறுமி, "அரக்கு" என்றாள். இசை கிழிந்தது. இடைவேளை விட்டார்கள். கடைசியில் அரக்குச் சட்டைக்காரனைக் கதாநாயகன் சுட்டுத் தள்ளியபோது தியேட்டர் கைதட்டியது. நானும் தட்டினேன். சுற்றிலும் தட்டும்போது கை தானாகப் போய்விடுகிறது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் கழித்து டிவியில் போட்டார்கள். மறுநாள் கடையில் வாலாஜாபாத்திலிருந்து வேலைக்கு வரும் பெண் என்னிடம் சொன்னாள்: "அக்கா, அந்தப் படத்துல வர்ற ஒரிஜினல் ஆளு, சைக்கிள் கடைக்காரரு இருக்காரு இல்ல, அவரு பொண்ணு எங்க எதிர் வூடுதான். அவங்க அம்மா செத்தப்பறம் ரெண்டு வருஷமாதான் அப்பாவாண்ட பேசிக்கினு இருந்திச்சு. இப்ப மாமியார்க்காரம்மா படத்தப் பாத்துட்டு, கொழந்த காது குத்துக்கு அந்தாளு வரவே கூடாதுன்னுட்டாங்க. அந்தக்காவே போன் பண்ணி வராதன்னு சொல்லிடிச்சு. செம ஃபீலிங்க்கா."

அன்று நான் யாருக்கும் சரியாக நிறம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன்.

ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். முதுகை மட்டும் பார்த்தது, நிறம் தெரியாதது, அப்பாவின் கை, எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொகம் பாக்கல?"

"இல்லைங்க."

"ஒண்ணுமே பாக்கல?"

"முதுகுதான். அதுவும் இருட்டு."

திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் டியூபை எடுத்துத் துடைத்தார்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? எம் பொண்ணாண்ட வந்து சொல்லுமா."

பஸ்ஸில் வாலாஜாபாத் போனோம். அவர் முன்பக்கம் உட்கார்ந்தார், நான் பெண்கள் பக்கம். வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே அவர் நின்றுகொண்டார். மாமியார் வீட்டில் இல்லை. மகளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கையில் மாவு ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்தாள், உள்ளே கூப்பிடவில்லை. என்னை மட்டும் படியருகே நிற்க வைத்து, என்ன விஷயம் என்று கேட்டாள்.

சொல்லி முடித்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அப்ப சட்ட அரக்கு இல்லன்னு சொல்றீங்க. அவரு இல்லன்னு சொல்லல."

உண்மை அதுதான். இவ்வளவு தூரம் நான் தூக்கிக்கொண்டு வந்த உண்மை அவளுக்கு எதற்கும் உதவாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"முதுகப் பாத்தேன்னீங்களே. அது எங்கப்பாவா?"

திரும்பினேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. ஒரு தோள் இறங்கியிருந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய இருட்டில் போன முதுகு இதுவா, இல்லையா, எப்படித் தெரியும்? இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது.

"இல்லமா" என்றேன். "அந்த ஆள் குள்ளம். நல்லா ஞாபகம் இருக்கு. சைக்கிள் சீட்டுல உக்காந்து கால் எட்டாம எட்டி எட்டி மிதிச்சான். உங்கப்பா இல்ல."

சரளமாக வந்தது. எனக்கே பயமாக இருந்தது. கேட்டருகே நின்றவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நெஜமாவா?" என்றாள் மகள்.

"சத்தியமா."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மாவு கன்னத்தில் ஒட்டியது. பிறகு என்னைத் தாண்டி கேட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"வெளியவே நின்னுக்கினு இருக்கியே, உள்ள வாப்பா. அத்தையாண்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். என்னைத் தாண்டும்போது நின்று, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இத வேற எங்கயும் போயி சொல்லிடாதமா. எவனாவது குள்ளமா ஒருத்தன் மாட்டிக்குவான்."