மார்லிஸின் மூக்கு

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, மார்லிஸ் ஏகனின் மூக்கு சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. நான்கு நாள் காய்ச்சல் விட்டு அன்றுதான் பட்டறைக்கு வந்திருந்தாள். ஒரு புல்வெட்டி எஞ்சினிலிருந்து ஆயில் மட்டம் பார்க்கும் கோலை உருவி, வழக்கம்போல் மூக்குக்குக் கீழே இடமிருந்து வலமாக இழுத்தாள். ஒன்றுமில்லை. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். பெட்ரோல் டப்பாவைத் திறந்து அதில் முகத்தையே வைத்தாள். பச்சைத் தண்ணீரை முகர்ந்தது போலிருந்தது.

அவள் பிழைப்பே அந்த மூக்கில்தான் இருந்தது. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருந்த அந்த ஊரில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி இல்லாத வீடு கிடையாது. அந்த வண்டிக்கு வரும் நோய்களில் பொல்லாதது, பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலப்பது. ஆயில் நீர்த்துப்போகும், உள்ளே இரும்பை இரும்பு தின்னும், ஒருநாள் எஞ்சின் உடைந்து நடுப்புல்லில் நிற்கும். பத்துச் சொட்டு கலந்திருந்தாலும் மார்லிஸ் முகர்ந்து சொல்லிவிடுவாள். "என்கிட்ட கொண்டாங்க. குடிகாரனை மூச்சை வெச்சே பிடிச்சுடுவேன்" என்பாள்.

ஐம்பத்திரண்டு வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டாள். காப்பியை நடந்துகொண்டே குடிப்பாள், பாதிக் கோப்பையை எங்கோ வைத்து மறந்துவிட்டு அடுத்ததை ஊற்றுவாள். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் இழுபறியானால் தாங்கமுடியாமல் அணைப்பாள். அரை நிமிடத்தில் அதையும் தாங்கமுடியாமல் மறுபடி போடுவாள். ஸ்பேனரைப் பல்லில் கடித்தபடி எஞ்சினோடு பேசுவாள், அது பதில் சொல்லத் தாமதித்தால் ஒரு தட்டுத் தட்டுவாள்.

மூக்கு போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முகர்வதையும் நிறுத்தவில்லை. முன்னைவிட நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

மே மாதம் வெர்லின் ப்ராட்டன் தன் புல்வெட்டியோடு வந்தார். எழுபது வயது, லூத்தரன் கோயில் கல்லறைத் தோட்டம் அவர் பொறுப்பு. மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே. போர்வீரர் கல்லறைகளில் கொடி நட ஊரே திரண்டு வரும். அதற்குள் நானூறு கல்லைச் சுற்றிப் புல் வெட்டியாக வேண்டும்.

"ஆயில் கோடு தாண்டி நிக்குது. நான் ஒரு சொட்டுகூட ஊத்தல."

"ராத்திரிக் குடிகாரன்" என்றாள் மார்லிஸ். கார்புரேட்டருக்குள் ஒரு ஊசி சரியாக மூடாவிட்டால், வண்டி சும்மா நிற்கும்போதே பெட்ரோல் உள்ளே ஒழுகும். பத்தில் ஒன்பது வண்டிக்கு அதுதான் கோளாறு. ஊசியை மாற்றி, புது ஆயில் ஊற்றி, கால்மணி நேரம் ஓட்டினாள். கோலை உருவினாள். கண்ணை மூடி முகர்ந்தாள்.

"சுத்தம். எடுத்துட்டுப் போங்க."

கொடி நாளுக்கு நான்கு நாள் இருக்கையில், வெள்ளைப் புகை கக்கிய வண்டியை வெர்லின் திருப்பிக் கொண்டுவந்தார். கோலை உருவி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எனக்கே நாறுது மார்லிஸ். பெட்ரோல் பங்க் மாதிரி நாறுது. நீ மோந்து பாத்துத்தானே சொன்ன?"

அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து வேறிடத்தில் வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"மோந்தேன். ஒண்ணும் தெரியல. மார்ச்லேர்ந்து எதுவுமே தெரியல."

"அப்ப சுத்தம்னு சொன்னது?"

"பொய்."

வெர்லின் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை கொடி நடணும்" என்றார். அந்த ஊரில் யாரும் திட்டமாட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

மார்லிஸ் சமையலறைத் தாள் ஒன்றைக் கிழித்தாள். புது ஆயிலில் ஒரு சொட்டு, கோலிலிருந்து ஒரு சொட்டு. புதியது தேன்திட்டாக உட்கார்ந்தது. மற்றதில் கலந்திருந்த பெட்ரோல் சுற்றிலும் வெளுத்த வளையமாய் ஓடிப் பரவியது. ஆயிலை மாற்றி வண்டியை இரண்டு மணி நேரம் சும்மா நிறுத்தினாள், வளையம் இல்லை. இருபது நிமிடம் ஓட்டினாள்; வளையம் வந்தது.

"இவன் ராத்திரிக் குடிகாரன் இல்ல. பட்டப்பகல்ல ஓடிக்கிட்டே குடிக்கறவன்."

பெட்ரோலை இழுத்துத் தரும் குட்டிப் பம்பு எஞ்சினின் மூச்சுக்காற்றில் துடிப்பது. இரண்டையும் இணைக்கும் ரப்பர் குழாயைப் பிடுங்கினாள். காற்று மட்டும் போகவேண்டிய குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டியது. பம்புக்குள் சவ்வு கிழிந்திருந்தது. புதிது மாட்டி, ஓட்டி, புதுத் தாளில் சொட்டு வைத்து வெர்லினிடம் நீட்டினாள்.

"என்னை நம்ப வேணாம். இதைப் பாருங்க."

பார்த்தார். "ம்" என்றார். வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கல்லறைச் சாலையில் மூன்றுமுறை காரை ஓட்டிப் போனாள். புல் சீராக இருந்தது, கொடிகள் ஆடின. இறங்கவில்லை. கோடை முழுக்க வெர்லின் பட்டறைப் பக்கமே வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கையில் யார் பார்வையும் மாறியிருக்கவில்லை. "மோந்து சொல்லு மார்லிஸ்" என்று கோலை நீட்டிக்கொண்டேதான் பட்டறைக்கு வந்தார்கள். வெர்லின் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகு தூக்கமும் பிடிக்கவில்லை. ஆட்கள் எதிரில் முகர்ந்து காட்டுவாள். அவர்கள் போன பிறகு திருட்டுத்தனமாகத் தாளில் சொட்டு வைப்பாள்.

அக்டோபரில் இரண்டாவது உறைபனி விழுந்த காலை, பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோஸான் தன் வீட்டுப் புல்வெட்டியோடு வந்திருந்தாள். கோல் மார்லிஸின் மூக்கருகே நீண்டிருந்தது.

"ம், ஆரம்பி. பாதிரியார் ஒயினை மோக்கற மாதிரி கண்ணை மூடுவியே, அதைப் பாக்கத்தான் வந்தேன்."

ஃபோன் சிணுங்கியது. வெர்லினிடமிருந்து ஒரு படம்: சமையலறைத் தாள், அதில் இரண்டு சொட்டு. கீழே எழுதியிருந்தார்: "இந்த வருஷக் கடைசி வெட்டு முடிஞ்சுது. என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீ பாத்துச் சொன்னாத்தான் வண்டியைக் குளிர்காலத்துக்கு ஷெட்டுல ஏத்துவேன்."

மார்லிஸ் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். படத்தை இரண்டு விரலால் விரித்து, ஒவ்வொரு சொட்டின் விளிம்பையும் சுற்றிப் பார்த்தாள். "ஏத்துங்க" என்று பதில் போட்டாள். திரும்பி வந்து ரோஸானின் மணிக்கட்டைப் பிடித்து, கோலைத் தன் மூக்கிலிருந்து கீழே இறக்கி, ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.